கம்பம் ஏறுபவருக்குத் தேகப்பயிற்சி வேண்டுமா?

மின்கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஒருவரிடம், "நீங்கள் தேகப்பயிற்சி செய்வதுண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சிரித்துவிடுவார். "நாள் முழுதும் செய்வது வேறென்ன?" என்பது அந்தச் சிரிப்பின் பொருள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் ஏணியைத் தோளில் சுமந்து நடக்கிறார்; கம்பத்தில் ஏறுகிறார்; இடுப்பு பெல்ட்டில் சாய்ந்து நின்று, தலைக்கு மேல் கைகளை உயர்த்தி நட்டு முடுக்குகிறார்; கீழே இறங்கிக் கடப்பாரையால் குழி தோண்டுகிறார். சில நூறு கிலோ எடையுள்ள கான்கிரீட் கம்பத்தைப் பலர் சேர்ந்து தூக்கி நிறுத்தும்போது அந்தப் பாரத்தில் ஒரு பங்கையும் ஏற்கிறார். இப்படிப்பட்டவரை மாலையில் பளு தூக்கச் சொல்வது, நாளெல்லாம் மூட்டை இறக்கியவரிடம் இன்னும் ஒரு மூட்டை சுமக்கச் சொல்வது போல் அல்லவா?

மறுபக்கம் வேறொரு கேள்வி. தமிழ்நாடு மின்வாரியம் 2019-இல் கேங்மேன் பணிக்கு ஆள் எடுக்க அறிவித்தபோது, கம்பம் ஏறுதல் உள்ளிட்ட உடல்தகுதித் தேர்வும் அதில் ஒரு பகுதியாக இருந்தது. அத்தகைய தேர்வுக்காகப் பயிற்சி செய்து உடலைத் தேற்றிக்கொண்ட ஓர் இளைஞர், வேலை கிடைத்தபின் அந்தப் பயிற்சியைத் தொடர்வதா, விட்டுவிடுவதா?

இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண, தசை எவ்வாறு களைக்கிறது, எவ்வாறு வலுப்பெறுகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உழைப்பும் பயிற்சியும் ஒன்றா?

உடலை அசைப்பது நன்மை என்றால், வேலையில் அசைத்தால் என்ன, மைதானத்தில் அசைத்தால் என்ன? விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தனர். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் பகுதியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஹோல்டர்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. ஓய்வு நேரத்தில் உடலை நன்றாக இயக்கியவர்களிடம் இதயநோயும் மரணமும் குறைவாக இருந்தன. ஆனால் வேலையில் கடுமையாக உடலை வருத்தியவர்களிடம் அவை குறையவில்லை; மாறாக, சற்று அதிகமாகவே காணப்பட்டன. வருமானம், வாழ்க்கை நிலை போன்ற வேறு காரணங்களும் இதில் கலந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. எனினும், உழைப்பும் பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல என்பதற்கு உடலியலில் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

பயிற்சி குறுகிய நேரம் நடப்பது, பளு அதிகம், முடிந்தவுடன் ஓய்வு. வேலை நெடுநேரம் நீடிப்பது. பளு பெரும்பாலும் நடுத்தரம். ஓய்வு எப்போது என்பதை முடிவு செய்வது உடல் அன்று, வேலைதான். பயிற்சியில் வலப்புறமும் இடப்புறமும் சமமாக உழைக்கின்றன. கம்பத்தின் மேலோ கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே உடல் திரும்ப வேண்டும். பயிற்சியில் களைத்தால் பளுவைக் கீழே வைத்துவிடலாம். ஏழு மீட்டர் உயரத்தில் நிற்பவர் எதைக் கீழே வைப்பார்?

ஒரு சிறு சோதனை

ஒரு லிட்டர் தண்ணீர் நிறைந்த பாட்டிலை எடுத்து, கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் இது ஒரு வேலையாகவே தோன்றாது. சிறிது நேரத்தில் தோள் கனக்கும், பிறகு எரியும், பின்னர் கை நடுங்கத் தொடங்கும். பாட்டிலின் எடை ஒரு கிலோதான். ஆனால் உங்கள் கையின் எடையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் 5 பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கை 3 கிலோ. ஆகவே, மேலே ஸ்பானர் பிடித்து வேலை செய்பவரின் தோள் முதன்மையாகச் சுமப்பது ஸ்பானரை அன்று, தன் சொந்தக் கையைத்தான்!

இதே பாட்டிலை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டிருந்தால் இவ்வளவு விரைவில் களைப்பு வராது. காரணம் இரத்த ஓட்டம். தசை சுருங்கி அப்படியே நிற்கும்போது, தனக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. வேண்டிய பிராணவாயு வருவதில்லை. கழிவுப் பொருள்கள் வெளியேறுவதும் இல்லை. சுருங்கி விரிந்து இயங்கும்போதோ, ஒவ்வொரு விரிவிலும் புது இரத்தம் பாய்கிறது.

அசையாமல் பிடித்திருக்கும் தசை எவ்வளவு நேரம் தாங்கும்? ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ரோமெர்ட் 1960-இல் இதை அளந்து ஒரு வளைகோட்டாக வரைந்தார். தன் முழு வலிமையில் பாதியைச் செலுத்தும் தசை ஏறக்குறைய ஒரு நிமிடமே தாங்குகிறது. நூற்றில் 15 பங்குக்குக் கீழே சென்றால் மிக நீண்ட நேரம் தாங்குகிறது. அந்தச் சிறு பளுவும் மணிக்கணக்கில் நீடித்தால் களைப்பைத் தரும் என்று பிற்கால ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன. ஆயினும், அடிப்படை உண்மை மாறவில்லை. களைப்பை முடிவு செய்வது பளு எத்தனை கிலோ என்பது மட்டும் அன்று. அது உங்கள் வலிமையில் எத்தனை பங்கு என்பதே.

இங்கேதான் பயிற்சியின் பயன் விளங்குகிறது. ஒருவருடைய கைப்பிடியின் முழு வலிமை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு 16 கிலோ பிடி தேவைப்படுகிறது. அது அவருடைய வலிமையில் நூற்றுக்கு 40. பயிற்சியால் பிடி 50 கிலோவாக உயர்ந்தால், அதே வேலை நூற்றுக்கு 32 ஆகிவிடுகிறது. வேலை குறையவில்லை, கம்பமும் சிறுக்கவில்லை. ஆனால் கையில் மிச்சம் கூடியிருக்கிறது. அதிகாரி ஒருவரும் கணக்கில் எழுதாத இந்த மிச்சம்தான் கம்பம் ஏறுபவரின் உண்மையான சேமிப்பு.

தசை எப்போது வளர்கிறது?

நம் ஊர்களில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. ஊர் மந்தையில் கிடக்கும் அந்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் போட்டவனை வீரன் என்று போற்றினர். அதைத் தினமும் தூக்கினால் வலிமை கூடிக்கொண்டே போகுமா? போகாது. கல்லின் எடை கூடுவதில்லை அல்லவா? அந்த எடைக்குப் போதுமான வலிமை வந்தவுடன் உடல் நின்றுவிடுகிறது. பளுவைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும் என்பதை மருத்துவ முறையாக நிலைநாட்டியவர் டிலார்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இம்முறையில் பயிற்சி தந்து, 1945-இல் அதன் விவரத்தை அவர் வெளியிட்டார்.

வேலை இளவட்டக்கல்லைப் போன்றது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில மாதங்கள் உடல் தேறுகிறது. பிறகு அதே ஏணி, அதே கம்பம், அதே கடப்பாரை. வலிமை அந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. வயது ஏற ஏற அதுவும் குறைகிறது. பத்தாண்டு, இருபதாண்டு அனுபவம் உள்ள லைன்மேனுக்கு வேலையின் நுட்பம் கூடியிருக்கும். வேலையே வலிமையைக் கூட்டியிருக்கும் என்று நம்ப இடமில்லை.

பயிற்சியின் முதல் சில வாரங்களில் தசை பெரிதாவதற்கு முன்பே வலிமை கூடிவிடுகிறது. மூளையும் நரம்புகளும் கூடுதலான தசை இழைகளை ஒரே சமயத்தில் வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொள்வதே காரணம். அதற்குப் பின்னரே தசை இழைகள் பருக்கத் தொடங்குகின்றன. நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: பளு தூக்கும்போது தசை வளர்வதில்லை. தூக்கி முடித்தபின் ஒரு நாள், இரண்டு நாள் வரை, ஓய்விலும் உறக்கத்திலும் புதிய புரதத்தைக் கட்டிக்கொண்டு வளர்கிறது. ஓய்வு இல்லாத பயிற்சி, உலர விடாமல் எழுப்பும் மண்சுவர்தான்.

இரண்டும் மோதும் இடம்

நாள் முழுதும் உழைப்பவருக்கு அந்த ஓய்வு எங்கே கிடைக்கிறது? இதில்தான் சிக்கல் இருக்கிறது.

அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹிக்சன் 1980-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். ஒரு குழுவினர் பத்து வாரம் பளுப்பயிற்சி மட்டும் செய்தனர். மற்றொரு குழுவினர் ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாம் குழுவினர் இரண்டையும் முழு அளவில் செய்தனர். ஏறத்தாழ ஏழாம் வாரம் வரை மூன்றாம் குழுவின் வலிமையும் முதல் குழுவைப் போலவே உயர்ந்தது. பிறகு நின்றது, கடைசி வாரங்களில் இறங்கவும் தொடங்கியது. அளவோடு செய்தால் இந்தத் தடை பெரிதாக இராது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், உடலிடம் வேலைக்கென ஒரு கணக்கும் பயிற்சிக்கென ஒரு கணக்கும் தனித்தனியாக இல்லை என்பது தெளிவு. எல்லாச் செலவும் ஒரே கணக்கிலிருந்துதான். கம்பம் ஏறுபவர் அந்தக் கணக்கில் பெரும்பகுதியைப் பகலிலேயே செலவிட்டுவிடுகிறார்.

இன்னொரு மோதல் தசைவலி. பழக்கமில்லாத பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உடல் வலிப்பதை எல்லோரும் அறிவோம். இதற்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. பளுவைத் தாங்கியபடி தசை நீளும்போது, அதாவது பளுவை மெல்ல இறக்கும்போது, இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே வலிக்குக் காரணம். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை வலி உச்சத்தில் இருக்கும். அந்நாட்களில் வலி மட்டும் அன்று, வலிமையும் குறைந்திருக்கும்.

அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு இது ஒரு சிறு தொல்லை. மாடிப்படி இறங்கும்போது முகம் சுளிப்பார், அவ்வளவுதான். கம்பத்தின் உச்சியில் நிற்பவருக்கு அப்படியன்று. நேற்று மாலை பார் கம்பியில் தொங்கித் தொங்கிக் களைத்த முன்கை, இன்று காலை பிடியை இழக்கலாம். ஆகவே, இவருக்கு எவ்வளவு பயிற்சி என்பதைவிட எப்போது பயிற்சி என்பது முக்கியமான கேள்வி.

வேலை தராததைப் பயிற்சி தரட்டும்

வேலை ஏற்கெனவே தருவதை மாலையில் மறுபடியும் தேட வேண்டியதில்லை. நாள் முழுதும் நடந்து ஏறி இறங்கியவருக்கு இன்னும் ஒரு மணி நேர ஓட்டம் அவ்வளவாகத் தேவையில்லை. முன்கைக்கும் தனிப் பயிற்சி பெரும்பாலும் வேண்டாம். அது பகல் முழுதும் பிடித்துக்கொண்டேதான் இருந்தது. வேலை தராதவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, தொடையும் இடுப்பும் முதுகும் சேர்ந்த வலிமை. 20 கிலோ எடையுள்ள கம்பிச் சுருளைக் குனிந்து தூக்குவதாக வைத்துக்கொள்வோம். சுருள் முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது. அதைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கிறது. நெம்புகோல் விதிப்படி தசை இழுக்க வேண்டிய விசை 200 கிலோ! அதே சுருளை உடலோடு அணைத்து 30 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தால் 120 கிலோவாகக் குறைகிறது. குனிந்த உடம்பின் எடை இதற்கு மேல். எனவே, பாரத்தை உடலோடு ஒட்டி, முழங்காலை மடக்கித் தொடையால் எழும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் குழி வெட்டும் அவசரத்தில் கற்க முடியாது. பயிற்சியில் சிறு பளுவோடு கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, தோள்பட்டையைப் பின்னே இழுத்து நிறுத்தும் தசைகள். கைகளை முன்னே நீட்டியும் மேலே உயர்த்தியும் செய்யும் வேலையில் தோள் முன்புறம் வளைந்துவிடுகிறது. பின்புறத் தசைகள் வலுப்பெற்றால் தோள்மூட்டு தன் இடத்தில் நிற்கும்.

இப்பயிற்சிக்குப் பெருநேரம் வேண்டாம் என்பதற்கும் டென்மார்க்கிலேயே ஒரு சான்று உண்டு. கையாலேயே உழைத்து, தோளிலும் கையிலும் நாட்பட்ட வலியோடிருந்த இறைச்சிக்கூடத் தொழிலாளர் 66 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. 2014-இல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு பகுதியினர் பத்து வாரம், வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பத்தே நிமிடம் பளுப்பயிற்சி செய்தனர். மற்றவர்களுக்கு வேலை செய்யும் முறையைத் திருத்தும் யோசனைகள் தரப்பட்டன. பயிற்சி செய்தவர்களிடம் வலி கூடுதலாகக் குறைந்தது, வலிமையும் கூடியது.

எவ்வளவு? எப்போது?

நம் பெரியவர்கள் அறிந்த தண்டாலும் பஸ்கியும் இதற்கு நல்ல தொடக்கம். விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு பார் கம்பியும் மணல் நிரப்பிய ஒரு சாக்கும் போதும்.

சாக்கை மார்போடு அணைத்து பஸ்கி, தரையிலிருந்து சாக்கை முறையாகத் தூக்கி நிமிர்தல், தண்டால், பார் கம்பியில் உடலை மேலிழுத்தல் அல்லது தாழ்வான கம்பியைப் பிடித்துச் சாய்ந்து மார்பை அதனிடம் இழுத்தல், பக்கத்துக்கு ஒரு கையாகப் பாரம் பிடித்துச் சிறிது தூரம் நடத்தல் — இவ்வைந்தும் உடலின் பெரிய தசைகள் அனைத்தையும் எட்டிவிடும். ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று சுற்று. சுற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. இன்னும் இரண்டு தடவை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். மூச்சு முட்ட, உடல் நடுங்க, கடைசித் துளி வரை பிழிந்தெடுப்பது மறுநாள் கம்பம் ஏறுபவருக்கு ஏற்றதன்று. முதல் இரண்டு வாரம் இதிலும் பாதியே போதும். ஒருமுறை இலேசாகப் பழகிய தசையில் அடுத்தமுறை வலி வெகுவாகக் குறைந்துவிடும்.

வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் முப்பது, நாற்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உள்ளவர் சனிக்கிழமை மாலை சற்றுக் கனமாகவும், புதன்கிழமை மாலை இலேசாகவும் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு முழு ஓய்வு. வேலைக்குப் போகும் முன் காலையில் பயிற்சி வேண்டவே வேண்டாம். துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாள் முன்கூட்டியே தெரியும். அன்று வேலை கடுமையாக இருக்கும். ஆகவே, அதற்கு முந்தின இரண்டு நாளும் பயிற்சியை விட்டுவிட வேண்டும். இரவில் அழைப்பு வந்து உறக்கம் கெட்டிருந்தாலும் அன்றைய பயிற்சியை விடுவதே அறிவுடைமை.

விட்டால் பெற்றதெல்லாம் போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். வலிமையைப் பெறுவதற்குத்தான் உழைப்பு அதிகம். பெற்றதைக் காக்க வாரம் ஒருமுறைகூடப் பெரும்பாலும் போதும். சில வாரம் முழுதாக நின்றாலும் இழந்தது விரைவில் திரும்பிவிடும். கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல மாவட்டங்களிலிருந்து சென்ற மின் ஊழியர்கள் வயல்வெளிச் சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டனர். அப்படிப்பட்ட நாட்கள் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவிடும் நாட்கள். அப்போது பயிற்சி பற்றிய பேச்சே கூடாது.

உணவு, நீர், உறக்கம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 65 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளொன்றுக்கு 2110 கலோரியும், கடும் உழைப்பு என்றால் 3470 கலோரியும் தேவை. புரதம், கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது பொது அளவு. பளுப்பயிற்சியும் செய்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை நல்லது. அதாவது 65 கிலோ எடைக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், நூறு கிராம் பருப்பில் 22 கிராமும், நூறு கிராம் மீனில் 20 கிராமும், நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராமும் புரதம் உண்டு. விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் இல்லாமலே இந்தக் கணக்கை எட்டிவிடலாம். சோற்றைக் குறைத்துக் குழம்பில் பருப்பைக் கூட்டுவது ஒரு வழி. சோற்றையே விலக்குவது தவறு. உழைக்கும் தசைக்கு மாவுச்சத்துதான் முதல் எரிபொருள்.

உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு நீரை வியர்வையில் இழந்தாலே உழைக்கும் திறன் குறையத் தொடங்குகிறது. 65 கிலோ எடைக்கு அது 1.3 லிட்டர். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு வெளியேறிவிடலாம். உப்பிட்ட மோரும் நீராகாரமும் நம் முன்னோர் கண்ட நல்ல பானங்கள். பகலில் நன்றாக வியர்த்த நாளில், நீர் அருந்தி, உண்டு, உடல் தணிந்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும். உறக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை அளவுக்கு மீறிச் சிதைந்திருக்கிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நெஞ்சுவலி, காலில் மரத்துப்போதல், இரவிலும் தணியாத தோள்வலி இவற்றையும் அலட்சியம் செய்யலாகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், முன்பு மின்தாக்குதலுக்கு ஆளானவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

வலிமையால் ஆகாதது

மின்சாரத்தின் முன் தசை வலிமை செல்லாது. அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் டால்சீல், மின்கம்பியைப் பிடித்த கை எவ்வளவு மின்னோட்டம் வரை தானாக விட முடிகிறது என்று தன்னார்வலர்களிடம் அளந்து பார்த்தார். ஆண்களிடம் சராசரி 16 மில்லி ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் 16 பங்கு. அதற்கு மேல் போனால் முன்கைத் தசைகள் மின்சாரத்தின் கட்டளைப்படி சுருங்குகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. ஆதலால் கை கம்பியை விடாமல் இறுகப் பற்றிக்கொள்கிறது. பலசாலியின் பிடியும் அங்கே அவருக்கே பகை.

ஆகவே, முறைப்படி லைன் கிளியர் வாங்குவது, எர்த் ராடு போடுவது, கையுறையும் பெல்ட்டும் அணிவது ஆகிய எதற்கும் உடல்வலிமை மாற்று ஆகாது. ஆனால் இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்ய நிதானம் வேண்டும். களைத்துச் சோர்ந்தவர் ஒரு படியைத் தாண்டிவிடுகிறார். "இது ஒன்றுதானே" என்று ஏறிவிடுகிறார். நாளின் கடைசிக் கம்பத்திலும் கையில் பிடியும் மனத்தில் நிதானமும் மிஞ்சியிருக்க வேண்டும். பயிற்சி அந்த மிச்சத்தைக் கூட்டினால் அது நல்ல பயிற்சி. குறைத்தால், எத்தனை கிலோ தூக்கினாலும் அது தவறான பயிற்சி. கம்பம் ஏறுபவர் மட்டும் அன்றி, உடல் உழைப்பால் பிழைக்கும் கொத்தனாரும் சுமை தூக்குபவரும் உழவரும் தம் பயிற்சியை அளந்து பார்க்க இந்த ஓர் அளவுகோலே போதும்.